சடாமாஞ்சில்: முசிறித் துறைமுகம் முதல் சென்னை மாநிலக் கல்லூரி வரை

சடாமாஞ்சில் என்பது இமயமலையில் வளரும் ஒரு சிறு மூலிகை. கடல் மட்டத்திலிருந்து 3000 மீட்டருக்கு மேல், மரங்கள் குறைந்து புல்வெளியும் பாறையுமாக உள்ள சரிவுகளில் இது காணப்படுகிறது. உத்தராகண்ட், இமாச்சலப் பிரதேசம், சிக்கிம், நேபாளம், பூட்டான், தென்மேற்குச் சீனா ஆகியவை இதன் இருப்பிடங்கள். தாவரவியல் பெயர் நார்டோஸ்டாக்கிஸ் ஜடாமான்சி. முன்பு வலேரியன் குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்தது. இப்போது அக்குடும்பமே காப்ரிஃபோலியேசி என்னும் பெருங்குடும்பத்தில் சேர்க்கப்பட்டுவிட்டது.

தமிழ்நாட்டில் எங்கும் இச்செடி முளைப்பதில்லை. ஆனால் திருத்தணி போன்ற கோயில் நகரங்களின் நாட்டு மருந்துக் கடைகளில் பெயரைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள். கையில் கிடைப்பது வேர் அன்று. மண்ணுக்குள் இருக்கும் தண்டுக்கிழங்கு. பழைய இலைகளின் அடிப்பகுதி நார்கள் செம்பழுப்பு நிறத்தில் அதைச் சுற்றி மூடியிருக்கும். பார்ப்பதற்குத் துறவியின் சடைமுடி போலத் தோன்றும். சடை என்னும் சொல் பெயரில் வந்தது அதனால்தான். வடமொழி நிகண்டான அமரகோசம் இதற்குத் தபஸ்வினி என்றும் ஒரு பெயர் தருகிறது. தவம் செய்பவள் என்பது அதன் பொருள்.

தமிழரின் வரலாற்றில் இந்தச் செடி இரண்டு இடங்களில் தெளிவாகத் தெரிகிறது. ஒன்று, சேரர் துறைமுகமான முசிறி. மற்றொன்று, சென்னை மாநிலக் கல்லூரியின் வேதியியல் ஆய்வகம். இவ்விரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 1800 ஆண்டுகள் உள்ளன.

முசிறியில் ஏறிய சரக்கு

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரியக் கடல் பெரிப்ளூஸ்' என்னும் கடல்வழிக் கையேடு, முசிறியிலும் நெல்கிந்தாவிலும் ஏற்றுமதியான பொருள்களை வரிசைப்படுத்துகிறது. மிளகுதான் முதலிடம். அதனுடன் முத்து, தந்தம், பட்டு, மணிக்கற்கள், ஆமையோடு ஆகியவை வருகின்றன. அவற்றுக்கு நடுவே 'கங்கை நார்டு' என்றொரு பொருளும் இருக்கிறது. நார்டு என்று கிரேக்கரும் உரோமரும் அழைத்தது சடாமாஞ்சிலைத்தான் என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. கங்கை முகத்துவாரத் துறைமுகத்திலிருந்து நார்டு ஏற்றுமதியானதையும் அதே நூல் கூறுகிறது.

ஆக, இமயத்தில் தோண்டிய கிழங்கு கங்கைவழி இறங்கி, கிழக்குக் கரையோரமாகத் தமிழகம் வந்து, மேற்குக் கரையில் யவனக் கப்பலில் ஏறியது. சிந்து நதி முகத்துவாரத்திலும் இன்றைய பரூச் ஆகிய பாரிகாசாவிலும் நார்டு கிடைத்தது. அது வடமேற்கு மலைகளின் வழியாக வந்த சரக்கு. எனினும், முசிறிச் சரக்குக்கு மட்டும் கங்கையின் பெயர் ஒட்டிக்கொண்டது.

கங்கை நாட்டுப் பொருள்கள் காவிரிப்பூம்பட்டினத்தில் குவிந்திருந்ததைப் பட்டினப்பாலை கூறுகிறது. சடாமாஞ்சிலை அது பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆயினும் கங்கைக்கும் தமிழகத்துக்கும் இடையே கடல் வணிகம் நடந்தது என்பதற்கு அது நம் பக்கத்துச் சான்று.

இங்கே ஒரு சொல்லைப் பற்றியும் கூற வேண்டும். பதிற்றுப்பத்தின் 11ஆம் பாடல் சேர மன்னன் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதனைப் பற்றியது. இமயத்தில் உறங்கும் கவரி, அருவியையும் நரந்தத்தையும் கனவு காண்பதாகப் புலவர் குமட்டூர்க் கண்ணனார் அதில் பாடுகிறார். நரந்தம் என்றால் மணமுள்ள புல் என்பது உரைகாரர் கொள்ளும் பொருள். நரந்தம், நார்டு என்னும் சொற்களின் ஓசை நெருக்கத்தைப் பார்த்து இரண்டும் ஒன்றே என்று சொல்லத் தோன்றும். அவசரப்படக் கூடாது. நார்டு என்னும் சொல்லை வடமொழியின் நளதம் என்பதோடு இணைப்பதே வழக்கம். தமிழ் விவிலியத்திலும் நளதம் என்றே உள்ளது. சடாமாஞ்சில் புல் வகையும் அன்று. இமயத்தில் மணமுள்ள ஒரு செடி வளர்ந்தது என்னும் செய்தி சேரநாட்டுப் புலவருக்கு எட்டியிருந்தது என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே சரி.

முசிறி ஏட்டின் கணக்கு

பெரிப்ளூஸ் பொருளின் பெயரை மட்டும் தருகிறது. அளவையும் விலையையும் தருவது வேறோர் ஆவணம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த ஒரு பாப்பிரஸ் ஏட்டை 1980இல் வியன்னாவிலுள்ள ஆஸ்திரிய தேசிய நூலகம் வாங்கியது. ஹெர்மன் ஹராவர், பீட்டர் சைபெஸ்டைன் ஆகிய இருவரும் 1985இல் அதைப் பதிப்பித்தனர். அதன் ஒரு பக்கத்தில், முசிறி வணிகத்துக்காகப் பெற்ற கடன் தொடர்பான ஒப்பந்தம் இருக்கிறது. செங்கடல் துறைமுகத்தில் இறங்கும் சரக்கை ஒட்டகத்தில் ஏற்றிக் கோப்டோஸ் நகருக்குக் கொண்டு செல்வதும், பின்னர் நைல் ஆற்றின் வழியே அலெக்சாந்திரியாவுக்கு அனுப்புவதும் அதில் பேசப்படுகின்றன. மறு பக்கத்தில், முசிறியிலிருந்து வந்த ஹெர்மபொல்லோன் என்னும் கப்பலின் சரக்குக் கணக்கு உள்ளது.

அக்கணக்கில் கங்கை நார்டு 60 பெட்டிகள். ஒரு பெட்டியின் மதிப்பு 4500 திராக்மா. பெருக்கினால் 2,70,000 திராக்மா ஆகும். ஒரு தாலந்து 6000 திராக்மா. எனவே 45 தாலந்து. ஏட்டின் கடைசியில் வரும் மொத்தத் தொகை 1154 தாலந்து 2852 திராக்மா. அதில் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பங்கு நார்டுக்கு உரியது. கப்பலில் பெரும் எடையைப் பிடித்தது மிளகு என்பதை நினைத்தால், 60 பெட்டிக் கிழங்குக்கு இந்தப் பங்கு சிறிதல்ல. அக்காலத்தில் இந்தியச் சரக்குக்கு உரோமப் பேரரசு விதித்த சுங்கம் நான்கில் ஒரு பங்கு என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

உரோமில் இதன் விலை என்ன? கி.பி. 77இல் முடிக்கப்பட்ட தம் 'இயற்கை வரலாறு' நூலில் பிளினி கூறுகிறார்: நார்டுக் கதிர் ஒரு இராத்தல் 100 தெனாரியம், கருமிளகு ஒரு இராத்தல் 4 தெனாரியம். உரோம இராத்தல் இன்றைய கணக்கில் ஏறத்தாழ 327 கிராம். மிளகைவிட 25 மடங்கு விலை! யோவான் நற்செய்தியில் மரியா இயேசுவின் பாதங்களில் பூசும் ஒரு இராத்தல் நளதத் தைலத்தை விற்றால் 300 தெனாரியம் கிடைக்கும் என்று யூதாஸ் கடிந்துகொள்கிறான். மத்தேயு நற்செய்தியின் திராட்சைத் தோட்ட உவமையில் ஒரு நாள் கூலி ஒரு தெனாரியம். அப்படியானால் அந்தக் குப்பியில் இருந்தது ஒரு கூலியாளின் ஏறத்தாழ ஓராண்டு வருமானம். யூதாஸின் கோபத்துக்கு வேறு காரணம் உண்டு என்று நற்செய்தியே கூறினாலும், விலை மிகைப்படுத்தப்பட்டதன்று.

விலை உயர்ந்த பொருளில் கலப்படம் வராமல் இருக்குமா? நார்டில் என்னென்ன கலக்கிறார்கள் என்று பிளினியே எழுதிவைத்திருக்கிறார்.

பெயரில் வந்த குழப்பம்

உரோமப் பேரரசு மறைந்தபின் ஐரோப்பாவில் நார்டு என்பது வெறும் நூற்பெயராகிவிட்டது. எந்தச் செடி அது என்பது மறந்துபோயிற்று. 1790இல் கில்பர்ட் பிளேன் என்னும் மருத்துவர், அது மணமுள்ள ஒருவகைப் புல் என்று இலண்டன் இராயல் கழக இதழில் எழுதினார். அதே காலத்தில் கல்கத்தாவில் இருந்த வில்லியம் ஜோன்ஸ், 'ஆசியாட்டிக் ரிசர்ச்சஸ்' இரண்டாம் தொகுதியில் வேறு முடிவுக்கு வந்திருந்தார். அவர் மேற்கொண்ட வழி எளியது. கிரேக்கரின் நார்டை அரபு மருத்துவர்கள் 'சும்புல் ஹிந்த்' என்பார்கள். அதாவது இந்தியக் கதிர். அச்செடிக்கு இந்தியாவில் என்ன பெயர் என்று மருத்துவர்களிடம் விசாரித்தார். கிடைத்த விடை சடாமாஞ்சில். ஏடுகளைப் புரட்டித் தீராத வழக்கை மருத்துவர்கள் தீர்த்துவைத்தார்கள்.

ஆனால் ஜோன்ஸும் ஓரிடத்தில் இடறினார். பூட்டானிலிருந்து அவருக்கு வந்து சேர்ந்த உயிர்ச்செடி வேறொன்று. அதே குடும்பத்தைச் சேர்ந்த தகரம். அதை வைத்து அவர் 'வலேரியானா ஜடாமான்சி' என்று பெயரிட்டார். உண்மையான சடாமாஞ்சிலை 1825இல் டேவிட் டான் விவரித்தார். 1830இல் டி கண்டோல் அதை நார்டோஸ்டாக்கிஸ் என்னும் பேரினத்தில் வைத்தார். தாவரவியல் விதிப்படி முதலில் இட்ட பெயரை மாற்றக் கூடாது. ஆகவே இன்றும் தகரத்தின் அறிவியல் பெயரில் ஜடாமான்சி என்னும் சொல் இருக்கிறது. இரண்டு செடிகளுக்கும் ஒரே சொல்! இக்குழப்பம் ஏட்டோடு நிற்கவில்லை. சந்தையில் சடாமாஞ்சிலுக்குப் பதிலாகத் தகரம் விற்கப்படுவதும் உண்டு. ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும் மாணவர்கள், ஆய்வாளர் எந்தச் செடியை எடுத்துக்கொண்டார் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

மாநிலக் கல்லூரியில் நடந்த ஆய்வு

1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்து வேதியியலாளர்கள் சர்ப்பகந்தி வேரிலிருந்து ரெசெர்பின் என்னும் மருந்தைப் பிரித்தெடுத்தனர். இரத்த அழுத்தத்துக்கும் மனநோய்க்கும் அது பயன்பட்டது. இந்திய வேர்கள் மீது உலகின் ஆய்வகங்கள் கவனம் செலுத்திய காலம் அது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் சென்னை மாநிலக் கல்லூரியில் சடாமாஞ்சில் எண்ணெய் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது.

ஆய்வை வழிநடத்தியவர் டி.ஆர். கோவிந்தாச்சாரி. 1915இல் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் பி.பி. தே என்னும் பேராசிரியரிடம் ஆய்வு செய்து, பின்னர் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ரோஜர் ஆடம்ஸிடம் பயிற்சி பெற்றுத் திரும்பியவர். நம் நஞ்சறுப்பான் கொடியிலுள்ள டைலோஃபோரின் பற்றிய ஆய்வும் அவருடையதே. 1960ஆம் ஆண்டுக்கான சாந்தி சுவரூப் பட்நாகர் பரிசு அவருக்குக் கிடைத்தது. பி.ஆர். பை, எஸ். இராசதுரை, கே.கே. புருசோத்தமன் ஆகியோர் இந்த ஆய்வில் அவருடன் இருந்தனர். ஜடாமான்சோன் என்னும் சேர்மத்தின் அமைப்பு பற்றிய இவர்களின் கட்டுரைகள் 1958இல் 'கெமிஷெ பெரிஷ்டெ' என்னும் செருமானிய இதழிலும் 1961இல் 'டெட்ராஹெட்ரன்' இதழிலும் வெளிவந்தன.

உலர்ந்த கிழங்கை நீராவியால் வடித்தால் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு எண்ணெய் கிடைக்கும். ஜடாமான்சோன் அந்த எண்ணெயில் உள்ள ஒரு கீட்டோன். அதன் ஒரு மூலக்கூறில் 15 கார்பன், 26 ஐதரசன், ஓர் ஆக்சிசன் அணுக்கள் உள்ளன. மூலக்கூறு எடை 222. மேல்நிலை வகுப்பு மாணவர்களும் இதிலிருந்து சிலவற்றைத் தாமே கண்டுபிடிக்கலாம். வளையமோ இரட்டைப் பிணைப்போ இல்லாத 15 கார்பன் சேர்மத்தில் 32 ஐதரசன் இருக்க வேண்டும். இங்கே 26 மட்டுமே, குறைவது 6. ஒவ்வொரு வளையத்துக்கும் ஒவ்வொரு இரட்டைப் பிணைப்புக்கும் 2 ஐதரசன் குறையும். ஆகவே இரண்டும் சேர்ந்து மொத்தம் மூன்று. கீட்டோன் தொகுதியின் கார்பன் ஆக்சிசன் இரட்டைப் பிணைப்பு ஒன்று. வேறு இரட்டைப் பிணைப்பு இல்லை. மீதம் இரண்டும் வளையங்கள். ஆறு ஆறு கார்பன் கொண்ட இரு வளையங்கள் ஒரு பக்கத்தைப் பகிர்ந்துகொண்டு ஒட்டியிருந்தால் 10 கார்பன். எஞ்சிய 5 எங்கே? அதுதான் உண்மையான புதிர்.

இவ்வகைச் சேர்மங்கள் செஸ்குவிடெர்பீன் எனப்படுகின்றன. ஐந்து கார்பன் கொண்ட ஐசோபிரீன் அலகு மூன்று சேர்ந்து இவை உருவாகின்றன என்பது பொதுவிதி. அலகுகள் எப்படி அடுக்கப்படும் என்று தெரிந்தால், கிளைகள் எந்த இடத்தில் இருக்கும் என்று ஊகிக்கலாம். ஜடாமான்சோன் இந்த ஊகத்துக்கு அடங்கவில்லை. அதில் ஐசோபுரொபைல் கிளை ஒன்று. அதற்கு 3 கார்பன் போயிற்று. மற்ற இரண்டும் மெத்தில் தொகுதிகள். இரு வளையங்களும் சந்திக்கும் இரண்டு கார்பன்களிலும் அவை அடுத்தடுத்து அமர்ந்திருக்கின்றன. ஐசோபிரீன் அலகுகளை நேராக அடுக்கினால் இவ்வமைப்பு வராது. செடிக்குள் சேர்மம் உருவாகும்போது கார்பன் சட்டகத்தில் ஓர் இடமாற்றம் நடந்திருக்க வேண்டும்.

அந்நாளைய வழக்கமான முறைக்கும் இது தொல்லை தருவது. சேர்மத்தைச் செலினியத்துடன் சூடாக்கி ஐதரசனை நீக்கினால் அது நாப்தலீன் வகைச் சேர்மமாக மாறும். அதை அடையாளம் கண்டு பழைய அமைப்பை ஊகிப்பார்கள். ஆனால் வளையச் சந்திப்பிலுள்ள மெத்தில் தொகுதி அச்சூட்டில் கழன்றுவிடும். எதைத் தேடுகிறோமோ அதுவே காணாமற்போகும். எனவே மூலக்கூறைப் படிப்படியாக உடைத்து, ஒவ்வொரு துண்டையும் படிகமாக்கி, உருகுநிலை பார்த்துத்தான் முன்னேற வேண்டும். இன்று என்எம்ஆர் கருவியில் ஓரிரு நாளில் முடியும் வேலை அன்று ஆண்டுக்கணக்கில் நடந்தது. அது ஓர் அரசுக் கல்லூரியில், பாடம் நடத்திக்கொண்டே செய்த வேலை என்பதையும் மறக்கக் கூடாது.

அதே ஆண்டுகளில் ஐரோப்பாவில் வலேரியன் வேரிலிருந்து வலேரனோன் என்னும் கீட்டோனைப் பிரித்து ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்த்தபோது வலேரனோனும் ஜடாமான்சோனும் ஒன்றே என்று தெரிந்தது. ஐரோப்பியர் தூக்கத்துக்காகக் குடிக்கும் வலேரியனிலும், நம் சித்த, ஆயுர்வேத மருத்துவர்கள் தூக்கமின்மைக்குத் தரும் சடாமாஞ்சிலிலும் ஒரே பொருள் இருந்தது. இன்று வேதியியல் நூல்களில் வலேரனோன் என்னும் பெயரே பெரிதும் வழங்குகிறது. சென்னையில் வழங்கிய பெயர் அடைப்புக்குறிக்குள் போய்விட்டது.

மருத்துவப் பயன்

சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் சடாமாஞ்சில் தூக்கமின்மை, வலிப்பு, மனக்கலக்கம், படபடப்பு ஆகியவற்றுக்குச் சொல்லப்படுகிறது. கூந்தல் தைலத்திலும் குளியல் பொடியிலும் மணத்துக்காகச் சேர்ப்பார்கள். வீடுகளில் அதிகம் பயன்படுவது இவ்வகையில்தான்.

மருந்தியல் முறையில் இதை விரிவாக ஆராய்ந்தவர் ஆர்.பி. அரோரா. ஜடாமான்சோன் விலங்குகளில் இதயத் துடிப்பின் ஒழுங்கின்மையைக் குறைப்பதையும் வலிப்பைத் தடுப்பதையும் அவருடைய குழு 1950களில் கண்டது. 1965இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இச்செடியைப் பற்றிய அவருடைய தனிநூலை வெளியிட்டது. 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கிழங்கின் சாறு எலிகளில் வலிப்பைத் தடுப்பதோடு, ஃபெனிட்டோயின் என்னும் வலிப்பு மருந்தின் வேகத்தையும் கூட்டுகிறது என்று காட்டியது. இது நல்ல செய்தி போலத் தோன்றும். ஆனால் ஏற்கெனவே வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர் தாமாகவே சடாமாஞ்சில் பொடியையும் சேர்த்துக்கொண்டால், மருந்தின் வேகம் எதிர்பாராமல் கூடிவிடும் ஆபத்து உண்டு. மருத்துவரிடம் சொல்லாமல் இரண்டையும் சேர்க்கக் கூடாது. மேலும், இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை விலங்குகளில் நடந்தவை. மனிதரிடம் பெரிய அளவில் நடந்த சோதனைகள் மிகக் குறைவு.

கிழங்கில் ஜடாமான்சோன் மட்டும் இல்லை. நார்டோசினோன், ஜடாமான்சிக் அமிலம், கூமரின் வகையைச் சேர்ந்த ஜடாமான்சின் எனப் பல சேர்மங்கள் உள்ளன. வளர்ந்த இடத்தைப் பொறுத்து இவற்றின் விகிதமும் மாறும். முழுக் கிழங்கின் பயனை ஒரே சேர்மத்தின் கணக்கில் எழுதுவது சரியாகாது.

மலையில் எஞ்சியது

சடாமாஞ்சிலில் மருந்தாவது மண்ணுக்குள் இருக்கும் பகுதி. இலையையோ பூவையோ பறித்தால் செடி பிழைக்கும். கிழங்கைத் தோண்டினால் செடியே போய்விடும். குளிர்ந்த உயரத்தில் வளர்ச்சி மிக மெதுவாக நடக்கும். விதையிலிருந்து எடுக்கத்தக்க கிழங்கு உருவாகப் பல ஆண்டுகள் ஆகும். ஒரு கிலோ உலர்ந்த கிழங்கில் 10 முதல் 20 கிராம் எண்ணெய்தான் வரும் என்பதை மேலே சொன்ன கணக்கிலிருந்து அறியலாம். எண்ணெய்க்கு வெளிநாட்டு நறுமணச் சந்தையிலும் தேவை இருக்கிறது. தோண்டுபவர்களோ மலைக்கிராமத்து ஏழைகள்; ஆண்டில் சில வாரங்கள் கைக்குக் காசு தரும் வேலை அவர்களுக்கு இது.

அழிவுநிலை உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் இச்செடி 1997இல் சேர்க்கப்பட்டது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில், 'மிக அருகிய' என்னும் நிலையில் இது இருக்கிறது. காட்டிலிருந்து எடுத்த கிழங்கை ஏற்றுமதி செய்ய இந்தியா தடை விதித்துள்ளது. கிழங்கை அப்படியே அனுப்பாமல் எண்ணெயாக வடித்து அனுப்ப நேபாளம் அனுமதிக்கிறது. இமயமலை மாநிலங்களில் சாகுபடி முயற்சிகள் நடக்கின்றன. சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி இன்னும் காட்டுக் கிழங்குதான்.

உரோமரின் நார்டுத் தைலத்தில் சேர்ந்த மற்றோர் இமயப் பொருள் கோஷ்டம். நம் மருந்துக் கடைகளில் சடாமாஞ்சிலோடு அதுவும் இருக்கும். அது சைட்டிஸின் முதல் இணைப்பிலேயே வைக்கப்பட்டுவிட்டது. காட்டில் எடுத்த கோஷ்டத்தின் பன்னாட்டு வணிகத்துக்கு இப்போது இடமில்லை. இலாகுல், ஸ்பிதி பள்ளத்தாக்குகளில் அதைப் பயிராக வளர்க்கிறார்கள். சடாமாஞ்சிலுக்கு அத்தகைய வயல்கள் இன்னும் பெருகவில்லை.